காரணக் கட்டத்தில் ஒரு புள்ளி

அத்தியாயம் 14

போன வாரம் பெரியவளைச் சாப்பாட்டு மேசை முன்னால் வாயடைத்து நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். நமக்கு ஏழு நாள் ஆகிவிட்டது. அவளுக்கு ஒரே ஒரு ராத்திரிதான் ஆகியிருக்கிறது. அந்த ராத்திரியும் பொட்டுத் தூக்கம் இல்லை.

நடந்தது இதுதான். தங்கையின் கணவர், வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை, லேப்டாப்பைத் திறந்தபடி வைத்துவிட்டு ஃபோன் பேசப் பால்கனிக்குப் போனார். தட்டு எடுக்க வந்த பெரியவள் திரையை எட்டிப் பார்த்தாள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நோய் சொல்லும் ஏ.ஐ. மெஷினை வைத்து அவர் ஆஸ்பத்திரியில் நடத்தும் ஆராய்ச்சியின் பட்டியல். அதில் 4417 என்ற வரி மட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. பக்கத்தில் ‘நீக்கம்’ என்று எழுதியிருந்தது.

4417 என்பது அவளுடைய அப்பா.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் கண்புரை ஆபரேஷனுக்காக அவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். எடுத்தவளும், படத்துக்கு அந்த எண்ணைப் போட்டவளும் பெரியவளேதான். அந்த ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. ‘சுத்தம்’ என்று ரிப்போர்ட் வந்தது, எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். இந்தத் திங்கட்கிழமை, விடாத இருமலுக்காக மறுபடி எடுத்த படத்தில், இடது நுரையீரலின் மேல்பக்கம் கோலிக்குண்டு அளவுக்கு வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

கோலிக்குண்டு ஒரே நாளில் முளைக்குமா? அப்போதே இருந்திருக்க வேண்டும். மெஷின் அதைத் தவறவிட்டிருக்க வேண்டும். இன்றைக்குப் பதினொரு மணிக்கு வெளியிலிருந்து வரும் நிபுணர் குழு முன்னால் அதே மெஷினின் பெருமையைத்தான் மாப்பிள்ளை பேசப்போகிறார். சரியாக அதற்கு முதல்நாள் மாமனாரின் படம் பட்டியலைவிட்டுக் காணாமல் போகிறது. எங்கேயோ இடிக்கிறது இல்லையா? பெரியவளுக்கும் இடித்தது.

காலையில் அப்பா முன்னால் ஒரு தாளை நீட்டினாள்.

“இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கப்பா.”

“எதுக்கும்மா? சொத்தை எழுதி வாங்கறதுன்னா முதல்ல எனக்கு ஒரு சொத்து வாங்கிக் குடு.”

“உங்க எக்ஸ்ரே விவரம் வேணும்னு நீங்களே கேக்கற மாதிரி ஒரு மனு. நோயாளி கேட்டா ஆஸ்பத்திரி குடுத்தாகணும்.”

“நான் நோயாளியா?” என்றார் அப்பா. சிரித்துக்கொண்டே கேட்டவர், கையெழுத்துப் போடும்போது சிரிக்கவில்லை. மகள் அதைக் கவனிக்காதது போல ரொட்டியில் வெண்ணெய் தடவினாள்.

எட்டரை மணிக்கு ரெக்கார்டு ரூம் திறந்ததும் முதல் ஆளாக அவள் நின்றாள். அங்கே இருக்கும் அம்மாளுக்குக் குரல் ஒலிபெருக்கி, மனசு தங்கம். எதையும் கேட்காமல் தர மாட்டாள்.

“என்ன காலங்கார்த்தால? உன் முகத்தைப் பார்த்தா எனக்கு மூக்கு வேர்க்குதே.”

“அப்பாவோட பழைய படம். யாரு பார்த்தா, எப்ப பார்த்தா, என்ன எழுதினா, எல்லாம் வேணும்.”

“ஆராய்ச்சி மாசமாச்சே அது? உங்க வீட்டு மாப்பிள்ளையையே கேக்கலாமே.”

“அவருக்கு வேலை அதிகம்” என்றாள் பெரியவள்.

அம்மாள் அவளை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை பார்த்துவிட்டு மனுவை வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளை தன் பட்டியலில் எதை வேண்டுமானாலும் நீக்கலாம். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் போனது போனதுதான், அங்கே யாரும் கை வைக்க முடியாது. இரண்டு நிமிஷத்தில் ஒரு தாள் வெளியே வந்தது.

ஆராய்ச்சி நடந்த விதத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்தத் தாள் யாருக்கும் புரியாது. அந்த மாதப் படங்களில் எல்லாம் பெயரை எடுத்துவிட்டு வெறும் எண் போட்டார்கள். டாக்டர் முதலில் தன் கண்ணால் மட்டும் பார்த்து எழுத வேண்டும். பிறகுதான் மெஷின் வாயைத் திறக்கும். அதையும் கேட்டுக்கொண்டு டாக்டர் இரண்டாம் தடவை எழுத வேண்டும், அதுதான் கடைசி ரிப்போர்ட். முதலில் எழுதியதை மாற்றினால் ஏன் மாற்றினோம் என்று ஒரு கட்டத்தில் காரணம் சொல்ல வேண்டும். டாக்டர்களுக்கும் பெயர் கிடையாது, எண்தான். யாருக்கு எந்த எண் என்று அவர்களுக்கே தெரியாது.

தாளில் இப்படி இருந்தது:

முதல் பார்வை, 11.42: இடது மேல்பகுதியில் சந்தேகம். சி.டி. ஸ்கேன் தேவை.

மெஷின்: சுத்தம்.

இரண்டாம் பார்வை, 11.43: சுத்தம்.

மாற்றியதற்குக் காரணம்: .

படித்தவர்: எண் 3.

பெரியவள் மூன்று தடவை படித்தாள். அவள் மெஷின் மேல் மட்டும்தான் சந்தேகப்பட்டிருந்தாள். இது அதைவிட மோசமாக இருந்தது. ஒரு மனுஷக் கண் சரியாகப் பார்த்திருக்கிறது. பார்த்துவிட்டு, ஒரே நிமிஷத்தில் அழித்திருக்கிறது.

“காரணம்ங்கற இடத்துல ஒண்ணுமே இல்லையே?”

“நல்லாப் பாரு. ஒரு புள்ளி இருக்கு” என்றாள் அம்மாள். “ஏதாவது தட்டாம அந்தக் கட்டம் அடுத்த படத்துக்கு நகராது. அதான் ஒரு புள்ளியைத் தட்டிட்டுப் போயிடறாங்க. அந்த மாசம் நான் பார்த்த புள்ளிக்குக் கணக்கே இல்ல, போ.”

பெரியவள் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒரு புள்ளி! அப்பாவின் ஒன்பது மாதம் ஒரு புள்ளியில் போயிருக்கிறது. யாரந்த மூன்றாம் நம்பர்? மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் இரண்டு பேர் அந்த ஆராய்ச்சியில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைத்தான் இவர் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

பத்தே முக்காலுக்கு மாடிப்படித் திருப்பத்தில் மாப்பிள்ளையைப் பிடித்தாள். புதுக் கோட்டு, கையில் லேப்டாப், முகத்தில் மேடை ஏறப் போகிறவரின் வியர்வை.

“மாப்ள, ஒரு நிமிஷம்.”

“அக்கா, பதினொண்ணுக்கு மீட்டிங். சாயங்காலம் வீட்ல பேசலாமே.”

“சாயங்காலம் நீங்க பால்கனியில இருப்பீங்க.”

தாளை நீட்டினாள். மாப்பிள்ளை முதல் வரியைத்தான் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது.

“இதை யாரு குடுத்தா?”

“குடுத்தது யாருங்கறது கிடக்கட்டும். அப்பா படத்தைப் பட்டியல்லேர்ந்து எடுத்தது யாரு?”

“அது வந்துக்கா, படம் சரியில்ல. எடுக்கும்போது அசைஞ்சிருக்கு. அந்த மாதிரிப் படத்தைச் சேர்க்கக் கூடாதுன்னு விதி.”

இதைத்தான் அவர் சொல்லியிருக்கக் கூடாது. வேறு எந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் பெரியவள் கொஞ்சம் யோசித்திருப்பாள்.

“அந்தப் படத்தை எடுத்தது நான்” என்றாள். குரல் உயரவில்லை, ஆனால் மாப்பிள்ளை ஒரு படி கீழே இறங்கிவிட்டார். “மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு சொல்லி, தோளைத் திருப்பி, தாடையைத் தூக்கி வெச்சு எடுத்தேன். எடுத்ததும் திரையில பார்த்துட்டுத்தான் அவரைச் சட்டை போட விட்டேன். இருபத்திரண்டு வருஷத்துல அசைஞ்ச படம் ஒண்ணு என் கையைவிட்டுப் போனதில்ல. யார்கிட்ட பூசி மெழுகறீங்க?”

அவர் லேப்டாப்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“மூணாம் நம்பர் யாரு?”

“அதைச் சொல்லக் கூடாதுக்கா. தயவுசெஞ்சு கேக்காதீங்க.”

“சரி. பதினொரு மணிக்கு நானும் உள்ள வந்து உட்கார்றேன். கையைத் தூக்கி, அந்தப் பெரியவங்க முன்னாடியே கேக்கறேன்.”

மாப்பிள்ளை மேல் படியைப் பார்த்தார், கீழ்ப்படியைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

“உங்க தங்கச்சிதான்” என்றார்.

பெரியவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. “மாட்டிக்கிட்டதும் பொண்டாட்டி தலையிலயா போடறீங்க? வெட்கமா இல்ல?”

அவர் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். எண்களும் பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மூன்றாவது வரியில் இருந்த பெயர், அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பெயர். வீட்டில் குட்டி, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படித்துச் சொல்லும், எல்லோரும் எழுந்து நிற்கும் டாக்டரம்மா.

“அது அப்பா படம்னு அவளுக்குத் தெரியாது. மூணாம் நம்பர் தான்தான்னும் தெரியாது. தெரிஞ்சா அவ இனிமே ஒரு படத்து முன்னாடி உட்கார மாட்டா. உங்களுக்கு அவளைத் தெரியாதா? அதுக்காகத்தான் எடுத்தேன்.”

“அதுக்காக மட்டும்தானா?”

மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நேரமாச்சுக்கா” என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

பெரியவள் அங்கேயே சுவரில் சாய்ந்தாள். அந்த மாதம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஆட்டக் கணக்குச் சொல்வார்கள். டாக்டரும் மெஷினும் மாறுபட்ட படங்களில் கடைசியில் யார் சொன்னது சரி என்று. “இன்னிக்கு மெஷின் நாலு, உங்க தங்கச்சி ஒண்ணு!” என்பார் மாப்பிள்ளை. குட்டி பொய்க் கோபத்தோடு அவர் தோளில் அடிப்பாள். வீடே சிரிக்கும். பெரியவளும்தான் சிரித்தாள். விளையாட்டு விளையாட்டாகவே ஒரு நல்ல டாக்டருக்குத் தன் கண் மேல் இருந்த நம்பிக்கையைக் கரைத்துவிட்டோமே என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கூட்ட அறையின் கடைசி வரிசையில் போய் அவள் நிற்கத்தான் செய்தாள். மாப்பிள்ளை கணீரென்று பேசினார். படங்கள் ஓடின, வரைபடங்கள் ஏறின.

“தெளிவில்லாத முப்பத்தோரு படங்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்” என்றார்.

குழுவில் ஒருவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். முப்பத்தொன்றில் ஒன்று அப்பா. மீதி முப்பது? அவை நிஜமாகவே தெளிவில்லாதவையா? அவற்றையும் எடுத்தவள் பெரியவள்தானே, பாதியையாவது! தூக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது. கையைத் தூக்கினால் நேராகத் தங்கை மேல் போய் விழும். கைதட்டல் ஆரம்பிப்பதற்கு முன்னால் அவள் வெளியே வந்துவிட்டாள். தன்னைக் கண்டாலே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூன்று மணிக்கு அப்பாவுக்கு சி.டி. ஸ்கேன்.

அப்பா அந்தப் பெரிய வளையத்துக்குள் போகும் பலகையில் படுத்துக்கொண்டு, முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த கண்ணோடு அதை மேலும் கீழும் பார்த்தார்.

“தண்டவாளம் நல்லாத்தான் போட்டிருக்கான். சத்தமே இல்ல.”

“பேசாமப் படுங்கப்பா.”

“நடுவுல நின்னா பயப்படாதே, எனக்கு இறங்கத் தெரியும். லிஃப்ட்ல மூணாம் மாடின்னு விளக்கு எரியும். கதவைத் திறந்தா ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல சுவர்தான் இருக்கும். அதனால நான் எப்பவும் கையை விட்டுத் தடவிப் பார்த்துட்டுத்தான் காலை வெப்பேன்.” பிறகு, சத்தத்தைக் குறைத்துக் கேட்டார்: “பெரியவளே, பெரிசா ஒண்ணும் இல்லையே?”

“பார்த்துட்டுச் சொல்றேம்பா” என்றாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் வந்தாள்.

இந்தப்பக்க அறையில் குட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னால் இரண்டு எக்ஸ்ரே படங்கள். ஒன்று ஒன்பது மாதம் முந்தியது, ஒன்று திங்கட்கிழமையுடையது. அவள் கண் சிவந்திருந்தது.

“அக்கா, இங்க வா. இதைப் பாரு. விலா எலும்புக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு. சின்னதுதான். ஆனா அப்பவே இருக்கு. பார்க்கத் தெரிஞ்சவனுக்குத் தெரியும். இதைச் சுத்தம்னு எழுதினவன் டாக்டரா, இல்ல தூங்குமூஞ்சியா?”

பெரியவள் குனிந்து படத்தைப் பார்த்தாள்.

“அதோட ஒரு கூத்து கேளு. பழைய படத்து மூலையில இருக்கற எண்ணை ஆராய்ச்சிப் பட்டியல்ல தேடினேன். 4416 இருக்கு, 4418 இருக்கு. நடுவுல அப்பா இல்ல. யாரோ காதும் காதும் வெச்ச மாதிரி எடுத்திருக்காங்க. எனக்கு விஷயம் தெரியக் கூடாதுன்னே எடுத்த மாதிரி இருக்கு.” ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். “நிர்வாகத்துக்குப் புகார் எழுதிட்டேன். படம் எடுத்தவளும் கையெழுத்துப் போட்டாத்தான் எடுபடும். போடு.”

பெரியவள் படித்தாள். ‘இப்படத்தைப் படித்த மருத்துவர் யார் என்று விசாரித்து, விசாரணை முடியும்வரை அவரை இப்பணியிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.’ கீழே குட்டியின் கையெழுத்து, அழுத்தமாக, தாளே கிழிகிற மாதிரி.

கையெழுத்துப் போட்டால் தங்கையைத் தானே பிடித்துக் கொடுத்த மாதிரி. போடாவிட்டால் அந்த மீதி முப்பது பேர்? அவர்களும் யாரோ ஒருத்தியின் அப்பாதானே. அவர்கள் ‘சுத்தம்’ என்ற ரிப்போர்ட்டைப் பத்திரமாக அலமாரியில் வைத்துக்கொண்டு எந்த வீட்டில் இருமிக்கொண்டிருக்கிறார்களோ! கோட்டுப் பையிலிருந்து ரெக்கார்டு ரூம் தாளை எடுத்தாள்.

“போடறேண்டி. அதுக்கு முன்னாடி இதைப் படி. படிச்ச பிறகும் போடச் சொன்னா போடறேன்.”

குட்டி படித்தாள். “முதல்ல சரியாத்தான் பார்த்திருக்கான்! பார்த்துட்டு... ஒரு நிமிஷம்கூட ஆகல... மெஷின் சொன்னதும் மாத்திட்டான். காரணம்...” அங்கே நின்றாள். விரல் அந்த இடத்திலேயே இருந்தது. “புள்ளி.”

அவள் குரல் மாறியதைப் பெரியவள் கேட்டாள்.

“நானும் புள்ளிதான் வெப்பேன்க்கா. அந்த மாசம் ஒரு நாளைக்கு இருநூறு படம். எல்லாருமே புள்ளிதான் வெச்சோம்.” நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள். “மூணு யாரு?”

பெரியவளுக்குச் சொல்ல முடியவில்லை. முகம் சொல்லிவிட்டது.

“அக்கா?”

“ஆமாண்டி.”

குட்டி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று பெரியவள் கையை நீட்டினாள். அவள் அழவில்லை. அந்த நேரம் பார்த்து சி.டி. படங்கள் வரிசையாகத் திரைக்கு வர ஆரம்பித்தன. மூலையில் ஒரு நீலக் கட்டம் மினுக்கிற்று. மெஷின் தன் கருத்தோடு தயாராக இருந்தது.

“வேற டாக்டரைக் கூப்பிடவா?” என்றாள் பெரியவள்.

“கூப்பிடு. அவங்களும் பார்க்கட்டும். என் பேச்சை மட்டும் நம்ப வேணாம்” என்றவள், புகார்க் கடிதத்தை எடுத்து அந்த நீலக் கட்டத்தின் மேல் வைத்து ஒரு கையால் அழுத்திக்கொண்டாள். இன்னொரு கையால் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். கண் திரையைவிட்டு நகரவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அப்பா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

வெகுநேரம் பார்த்தாள்.

“ஒரே இடத்துலதான் இருக்கு. பக்கத்துல எங்கயும் பரவின மாதிரி எனக்குத் தெரியல. ஆனா என்னன்னு துண்டு எடுத்துப் பரிசோதிச்சாத்தான் தெரியும்.” மூச்சை இழுத்து விட்டாள். “ஒன்பது மாசம் முன்னாடின்னா இதுல பாதிகூட இருந்திருக்காது. அதை நான்தான் விட்டேன்.”

“குட்டி, அப்படிச் சொல்லாதேடி.”

“பின்ன எப்படிச் சொல்றது?”

கடிதத்தை மேசையில் வைத்து, ‘யார் என்று விசாரித்து’ என்ற வார்த்தைகளை அடித்தாள். அதற்கு மேலே தன் முழுப் பெயரை எழுதினாள். பேனாவை அக்காவிடம் நீட்டினாள். பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கையின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். அவள் வாழ்நாளில் இவ்வளவு கனமான பேனாவைத் தூக்கியதில்லை.

“பட்டியல்லேர்ந்து எடுத்தது அவர்தானே?”

“ஆமா.”

“எனக்காகவா, மெஷினுக்காகவா?”

“காலையிலேர்ந்து அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன். சத்தியமாத் தெரியலடி.”

குட்டி ஃபோனை எடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டு மேசை நடுவில் வைத்தாள். இரண்டாவது மணியிலேயே மாப்பிள்ளையின் குரல் குதித்துக்கொண்டு வந்தது.

“சொல்லும்மா! மீட்டிங் பிரமாதம். எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க, தெரியுமா?”

“4417ஐ எடுத்தீங்களே” என்றாள் குட்டி. “எனக்காக எடுத்தீங்களா, மெஷினுக்காக எடுத்தீங்களா?”

அந்தப்பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பெரியவள் குனிந்து பார்த்தாள். அறுபடவில்லை. திரையில் விநாடிகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டேயிருந்தன, அக்காவும் தங்கையும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.